டப்பா அதே உயரம், உள்ளே கிரீம் மட்டும் குறைஞ்சிருக்கு. சென்சிடிவ் ஸ்கினுக்கு வேற எதை நம்பி வாங்கறது?

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷமா முகத்துக்கு ஒரே கிரீம்தான் போடறேன். எதைத் தடவினாலும் கன்னமும் மூக்கோரமும் சிவந்து எரியற தோல் எனக்கு. இந்த கிரீம் கிடைக்கறதுக்கு முன்னாடி பத்துப் பன்னெண்டு வாங்கி, பாதிகூடத் தீராம தூக்கிப் போட்டிருக்கேன். அதனால இதை விடவே மனசு வரலை.

இப்பல்லாம் டப்பா சீக்கிரம் தீர்ந்துபோகுது. நான்தான் அதிகமா எடுக்கறேன் போலன்னு நெனச்சு, கொஞ்ச நாள் அளவைக் குறைச்சுக்கூடப் பார்த்தேன். தோல் காஞ்சு உரிஞ்சதுதான் மிச்சம். போன வாரம், ஹேர்பின் போட்டு வெச்சிருந்த பழைய டப்பாவையும் புதுசையும் தற்செயலா பக்கத்துல வெச்சேன். உயரம், மூடி, கலர் எல்லாம் அச்சு அசல் ஒன்னுதான். கவிழ்த்துப் பார்த்தாதான் தெரியுது. புதுசோட அடிப்பாகம் உள்பக்கமா குழிஞ்சிருக்கு, என் கட்டைவிரல் முதல் ரேகை வரைக்கும் உள்ளே போகுது. 50 மில்லின்னு இருந்த இடத்துல 40 மில்லி. விலை அதேதான்.

மத்தவங்கன்னா கோபத்துல வேற பிராண்ட் வாங்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது முடியாது. ஒவ்வொரு மாத்தத்துக்கும் ரெண்டு வாரம் எரிச்சலை அனுபவிக்கணும். காசை விட அந்த நெனப்புதான் வலிக்குது. என்னை மாதிரி தோல் இருக்கறவங்க என்ன பண்றீங்க? விலைக்கு ஏத்த அளவுல, வம்பு பண்ணாததா எப்படித் தேடறீங்க?

நிலவன்:
நீங்க அதிகமா எடுக்கலைங்க. களிம்புக்கு டாக்டர்கள் சொல்ற விரல்நுனி அளவை வெச்சுப் பாருங்க. ஆள்காட்டி விரலோட கடைசி மடிப்புல இருந்து நுனி வரைக்கும் ட்யூப்ல பிதுக்கினா ஏறக்குறைய அரை கிராம். முகம், கழுத்துக்கு அது மாதிரி ரெண்டரை. ரெண்டு வேளைக்கு 2.5 கிராம் ஆச்சு. ஒரு மில்லியை ஏறக்குறைய ஒரு கிராம்னு வெச்சுக்கிட்டா, 50 மில்லி 20 நாள் வரும், 40 மில்லின்னா 16 நாள்தான். அளவு 20 சதவீதம் குறைஞ்சா, மில்லிக்கான விலை 20 இல்லை, 25 சதவீதம் ஏறுது. வாங்கறப்ப விலையை மில்லியால வகுத்துப் பாருங்க, டப்பா உயரத்தைப் பார்க்கவே வேண்டாம். பிரான்ஸ்ல 2024 ஜூலை 1-ல இருந்து, அளவைக் குறைச்சு மில்லி விலையை ஏத்தினா பெரிய கடைகள் ரெண்டு மாசம் அறிவிப்பு வைக்கணும்னு விதியே இருக்கு.

தேன்மொழி:
கயல், அந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அளவை மாத்தறப்ப சில நேரம் சேர்மானத்தையும் மாத்திடுவாங்க. ரெண்டு லேபிளையும் வரிவரியா ஒத்துப் பாருங்க. ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கறது வரைக்கும் அதிகமா இருக்கறதுதான் முதல்ல வரும், அதுக்குக் கீழே வரிசை முன்ன பின்ன இருக்கும். நமக்கு வில்லங்கம் பெரும்பாலும் அந்தக் கடைசி ரெண்டு வரியிலதான்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு காலைல கண் இமை ரெண்டும் வீங்கி, கண்ணே திறக்க முடியலை. எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க, டாக்டர் முதுகுல கட்டம் கட்டமா வெவ்வேற பொருள் வெச்ச பேட்ச் ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு கட்டம் மட்டும் செக்கச்செவேல்னு தடிச்சிருந்தது. மெத்தில்ஐசோதயசோலினோன்னு, கெட்டுப்போகாம இருக்கறதுக்குச் சேர்க்கற ஒரு பிரிசர்வேட்டிவ். முகம் துடைக்கற ஈர டிஷ்யூல இருந்திருக்கு. தடவிட்டு அப்படியே விடற கிரீம்கள்ல இதை 2017-லயே ஐரோப்பிய யூனியன் தடை பண்ணிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னைல இருந்து லேபிள் படிக்காம எதையும் வீட்டுக்குள்ள விடறதில்லை.

வாங்கறதுக்கு என் வழி இதுதான். முகத்துக்குன்னு தனியா விக்கற குட்டி டப்பாவை விட்டுட்டேன். அரை லிட்டர் பம்ப் பாட்டில்ல வர்ற, வாசனை சேர்க்காத சாதா பாடி மாய்ஸ்சரைசர்தான் முகத்துக்கும். கிளிசரின், செராமைட் (தோல்ல இயல்பாவே இருக்கற ஒரு கொழுப்பு), பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) மாதிரி நாலு உருப்படியான பொருள் இருந்தா போதும். ஆனா ‘அன்சென்டட்’னு போட்டிருந்தா நம்பாதீங்க. வாசம் தெரியாம இருக்கறதுக்குன்னே வேற வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ வேணும். அலர்ஜி வர வாய்ப்பு கம்மின்னு சொல்ற ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ங்கற வார்த்தைக்கு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எந்த வரையறையும் வெக்கலை, கம்பெனி எப்படி வேணா போட்டுக்கலாம்.

ரொம்ப உரியற இடத்துல ராத்திரி, முகம் ஈரமா இருக்கறப்பவே பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசா. தோல்ல இருந்து தண்ணி போறதை 98 சதவீதம் வரைக்கும் தடுக்கும். கையில கிடைக்கறதுல மலிவானதும் அதுதான்.

இசை:
பெரிய பாட்டில் நல்லதுதான், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி திறந்த டப்பா படத்துக்குள்ள 6எம், 12எம்னு இருக்கான்னு பாருங்க. திறந்ததுக்கப்புறம் அத்தனை மாசத்துக்குள்ள தீர்க்கணும். ட்யூப்னா காலியானதும் குறுக்க வெட்டிப் பாருங்க. நான் வெட்டினதுல இன்னும் ஒரு வாரத்துக்கு வந்தது.

கயல்:
தேன்மொழி அக்கா, ரெண்டு லேபிளையும் போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தேன். புதுசுல கடைசிக்கு முந்தின பேர் ‘லினலூல்’. பழசுல அது இல்லவே இல்லை. அது வாசனைப் பொருளாமே. ரெண்டு மாசமா மூக்கோரத்துல லேசா ஊறல் இருந்தது, வெயில்னு நெனச்சுட்டு இருந்தேன். ரொம்ப நன்றி அக்கா. நிலவன் சொன்ன மாதிரி வகுத்தும் பார்த்தாச்சு. நீங்க சொன்ன மாதிரி ஒரு பம்ப் பாட்டில், மில்லிக்கு என் கிரீம்ல ஆறுல ஒரு பங்குதான் வருது. முழங்கை மடிப்புல நாலு நாளா தடவறேன், ஒன்னும் ஆகலை. இப்பவே முகத்துக்குப் போடலாமா?

தேன்மொழி:
அவசரப்படாதீங்க கயல். காலைலயும் ராத்திரியும் அதே இடத்துல, ஏழுல இருந்து பத்து நாள் வரைக்கும் போடுங்க. அப்புறம் தாடைக்குக் கீழே ஒரு ஓரத்துல ரெண்டு நாள். மூக்கோரம் கடைசியா. அதுவரைக்கும் அந்தப் புது டப்பாவைத் தொடாதீங்க.