பவளமா, சமனா?

குழு: உப்புவெளி வீடு

சனி

மாமா, 6.12: தம்பி, இரண்டு படமும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம்தானே? தவறி இரண்டு முறை அனுப்பிவிட்டாயோ?

நான், 6.20: இல்லை மாமா, வேறு வேறு. முதலாவது கோரல், பவள நிறம். மற்றது சாமன். எங்கள் விடுதியின் கேற் போர்டுக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். மே மாதம் சீசன் தொடங்குமுன் போர்டு நிற்க வேண்டும் என்றீர்களே.

மாமி, 6.31: சமன் என்றால் ரின்மீனா? அது சாம்பல் நிறமல்லவா தம்பி. அந்த நிறத்தில் போர்டு வைத்தால் எந்த வெள்ளைக்காரன் உள்ளே வருவான்?

நான், 6.35: நாங்கள் சமன் ரின் என்று வாங்குவது பெரும்பாலும் மக்கரல்தான் மாமி. உண்மையான சாமன் குளிர்நாட்டு மீன், தசை இளஞ்சிவப்பு. அது தின்னும் குட்டி இறால் போன்றவற்றில் அஸ்டாக்சாந்தின் என்று ஒரு நிறமி இருக்கிறது, நிறம் அதிலிருந்துதான் வருகிறது. பண்ணையில் வளர்ப்பவர்கள் அதைத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் நீங்கள் சொன்ன சாம்பல்தான்.

மாமி, 6.37: அப்போ இறால் அவிக்கும்போது வருகிற நிறம்?

நான், 6.38: அதே நிறமிதான். பச்சை இறாலில் ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் விட்டுவிடும்.

மாமி, 6.38: இதை முதலே சொல்லியிருக்கலாமே. இறால் என்றால் எனக்கு விளங்கும்.

மச்சாள், 7.02: அத்தான், பவளம் எங்கே இந்த நிறத்தில் இருக்கிறது? புறாத்தீவில் தண்ணீருக்குள் பார்த்ததெல்லாம் மண்ணிறமும் பச்சையும்தான்.

நான், 7.06: நிறத்துக்குப் பெயர் வந்தது நகையில் கட்டும் பவளத்திலிருந்து. அது வேறு இனம். நீ பார்த்தது பவளப்பாறை. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியின் நிறம்தான் உனக்குத் தெரிந்தது.

பெரியம்மா (மட்டக்களப்பு), 7.40: எனக்கு இரண்டும் பப்பாப்பழம் மாதிரித்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசமும் இல்லை.

அக்கா, 7.44: பெரியம்மா, கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி உங்கள் போனில் போட்டிருக்கிறதா?

பெரியம்மா, 7.51: பேரன் போட்டுத் தந்தான். நிறுத்தத் தெரியாது.

பெரியம்மா, 8.15: பக்கத்து வீட்டுப் பிள்ளை நிறுத்தித் தந்தது. ஓம், இப்போது தெரிகிறது. இரண்டாவதில் ரோசா ஓடுகிறது.

நான், 8.20: அதுதான் பெரியம்மா! திரையில் ஒவ்வொரு நிறத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை எண் கொடுப்போம். கோரல் 255, 127, 80. சாமன் 250, 128, 114. முதல் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீலம் மட்டும் சாமனில் 34 கூட. அந்த நீலம்தான் ரோசாப் பக்கம் இழுக்கிறது. அச்சு மையில் கணக்குப் பார்த்தால், மஜெந்தா என்கிற ரோசா மை இரண்டிலும் ஏறக்குறைய பாதி. மஞ்சள் கோரலில் 69 வீதம், சாமனில் 54.

மாமா, 8.26: அதாவது ஒரே குழம்பு, ஒன்றில் மஞ்சள் தூள் கொஞ்சம் கூட.

நான், 8.26: அதேதான் மாமா.

அக்கா, 8.33: எதுவானாலும் எழுத்து வெள்ளையில் போடு. வடிவாக இருக்கும்.

நான், 8.41: வடிவாக இருக்கும், வாசிக்கத்தான் முடியாது. இணையப் பக்கங்களுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் சின்ன எழுத்தென்றால் 4.5க்கு 1, பெரிய எழுத்தென்றால் 3க்கு 1 ஆவது இருக்க வேண்டும். இந்த இரண்டு நிறத்திலும் வெள்ளை எழுத்துக்கு 2.5தான் வருகிறது. கறுப்பு என்றால் 8.4. அது திரைக்குச் சொன்ன கணக்குத்தான். ஆனால் நிலாவெளி றோட்டில் ஓட்டோவில் போகிறவனுக்கும் அதே கண்தானே. கரும்நீலம் போடுவோம்.

நான், 8.43: இன்னொன்று, இரண்டுக்கும் வெளிச்சம் ஒரே அளவு. கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் வரும். காலையில் மாமா கேட்டது பாதி சரி.

மாமா, 8.45: பார்த்தீர்களா. 😀

மச்சாள், 9.10: போன வருடம் அறை வாடகை அட்டை அடித்தபோது நடந்ததை மறந்துவிட்டீர்களா அப்பா? போனில் தகதகவென்று இருந்த செம்மஞ்சள், 500 அட்டையிலும் ஊறின செங்கல் மாதிரி வந்தது. நீங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போனீர்கள்.

மாமா, 9.12: அது அவன் பிழை.

நான், 9.18: அவர் பிழை இல்லை மாமா. போன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, கடதாசி மையால் காட்டுகிறது. பளிச்சென்ற செம்மஞ்சள்களை அச்சில் போடும் நீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையால் எட்ட முடியாது. ஒரு அட்டை அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் போர்டுக்கு அச்சடித்த பனர் வேண்டாம், எனாமல் பெயின்ற் என்கிறேன். வெயிலில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் முதலில் வெளிறும். பழைய பனர்கள் நீலம் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

மாமா, 9.25: சரி. இன்றைக்கே கடையில் இரண்டு நிறத்தையும் தனித்தனியே கலக்கச் சொல்லிச் சின்ன ரின்னில் வாங்கி, பிளைவுட் துண்டில் அடித்து, கேற்றில் ஆணி வைக்கிறேன். படம் அனுப்ப மாட்டேன். வந்து பாருங்கள்.

ஞாயிறு

மாமா, 6.05: விடிய எழுந்து பார்த்தேன். கடலுக்கு மேல் சூரியன் வரும்போது கோரல் துண்டு நெருப்பு மாதிரி நின்றது. பின்னால் நீலம் இருப்பதாலா?

நான், 6.30: ஓம் மாமா, நீலம் அதற்கு எதிர்ப்பக்க நிறம். பக்கத்தில் நின்றால் செம்மஞ்சளைத் தூக்கிக் காட்டும்.

மச்சாள், 12.50: உச்சி வெயிலில் சாமன் வெளிறிப் போய் நிற்கிறது. மதில் கிறீம் நிறம் என்பதால் மதிலோடு கரைகிறது. கோரல் கொஞ்சம் தாக்குப் பிடிக்கிறது.

மாமி, 13.15: இறாலும் பப்பாப்பழமும் ஒரு தட்டில் வைத்துக் கேற்றடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். சாமன் அச்சு அசல் அவித்த இறால். கோரல் பப்பாப்பழத்தின் சதை. எனக்கு இறால்தான் பிடிக்கும். ஆனால் அது விறாந்தைச் சுவருக்கு. கேற்றில் நின்று கூப்பிட பப்பாப்பழம்தான் சரி.

அக்கா, 13.22: மாமி சொன்னால் சரி.

மாமா, 19.40: கேற்று பல்ப் மஞ்சள் வெளிச்சம். அதன் கீழ் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இரவில் பார்த்தால் பெரியம்மா போன்.

பெரியம்மா, 19.48: என்னை ஏன் இழுக்கிறாய்.

நான், 19.55: பல்பை வெள்ளை வெளிச்சமாக மாற்றினால் பிரிந்து தெரியும் மாமா. கோரல், கரும்நீல எழுத்து. முடிவா?

மாமா, 19.57: முடிவு. நாளைக்கு ஆளைப் பிடிக்கிறேன். இரண்டு தரம் அடிக்கச் சொல்லவா?

நான், 19.58: அடியில் பிறைமர் ஒன்று, மேலே இரண்டு. ஓரங்களை விடவேண்டாம், உப்புக் காற்று அங்கேதான் முதலில் ஏறும்.

மாமி, 20.10: தட்டில் இருந்த இறாலை யார் எடுத்தது? பப்பாப்பழம் அப்படியே இருக்கிறது.

மச்சாள், 20.11: கேற்றடியில் வைத்தால் பூனை விடுமா அம்மா?