புதியவர்களுக்குக் கனிமம் சேகரிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: சேலத்தில் பள்ளி மாணவர்கள் 10 பேருக்குக் கனிமச் சேகரிப்பை அறிமுகப்படுத்தப் போகிறேன். முதல் நாள் என்ன செய்யலாம்?

பதில் 1: பேச்சைக் குறைத்து, கல்லைக் கையில் கொடுங்க. குவார்ட்ஸ், கால்சைட் இரண்டும் வெள்ளையாகவே இருக்கட்டும். நிறத்தை நம்பக்கூடாது என்பது அப்போதே புரியும். கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்துக் கீறச் சொல்லுங்க, கையில் பிடிக்க வேண்டாம். குவார்ட்ஸ் (1 முதல் 10 வரையான மோஸ் கடின அளவில் 7) கீறும், கால்சைட் (3) கீறாது. கோடு விழுந்தால் விரலால் துடைக்கணும். அழிந்தால் அது கல்லின் பொடி, கீறல் இல்லை. நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

பதில் 2: உங்க ஊர் மேக்னசைட்டையும் (இதுவும் வெள்ளைக் கனிமம்தான்) சேருங்க, அருமையான பாடம் அது. வினிகர் பட்டால் கால்சைட்டில் குமிழி வரும். மேக்னசைட்டில் அநேகமாக வராது. குமிழி சிறியது, 10 மடங்கு லென்ஸில் பார்க்கணும். கஞ்சமலை மேக்னடைட்டை (இரும்புத் தாது) டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கம் தேய்த்தால் கறுப்புக் கோடு. இன்னொரு இரும்புத் தாதுவான ஹெமடைட் என்றால் செம்பழுப்பு.

பதில் 3: எடுத்த இடத்தை அங்கேயே எழுத வையுங்க. தனிச் சீட்டு தொலைந்துபோகும். கல்லின் ஓரத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் பொட்டு, காய்ந்ததும் அதன்மேல் எண், அதே எண் நோட்டில். சுத்தியல் எடுத்தால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.