மூழ்கிய கப்பல்களில் யாரைச் சந்தித்தீர்கள்?

புளோரிடாவிலிருந்து

மூழ்கிய கப்பல்களைப் பார்க்க டைவ் அடிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கப்பலின் ஜாதகத்தைத்தான் எழுதுகிறீர்கள். எந்தப் போரில் இருந்தது, எத்தனை டன், எத்தனை பீரங்கி. இப்போது அங்கே குடியிருப்பவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். கப்பலில் நீங்கள் யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நான் அடிக்கடி போவது ஸ்பீகல் குரோவ். புளோரிடா கீஸ் தீவுகளில், கீ லார்கோவிலிருந்து சுமார் 6 மைல் வெளியே கிடக்கிறது. ஜாதகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் இந்தக் கப்பல் மூழ்கிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தரையிறங்கு படகுகளைத் தன் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு போகும் வகைப் போர்க்கப்பல், 510 அடி நீளம். 1989-இல் கடற்படைப் பணி முடிந்து, பல வருடம் சும்மா கிடந்து, மீனும் பவளமும் குடியேறும் செயற்கைப் பாராக்குவதற்காகக் கீ லார்கோவுக்கு வந்தது. 2002 மே 17 அன்று முறைப்படி நேராக இறக்குவதாகத் திட்டம். கப்பலுக்குப் பொறுமை இல்லை. குறித்த நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பாகவே தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது. பின்பக்கம் அடியில் தட்டி நிற்க, முன்பக்கம் மட்டும் தலைகீழாக நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் அப்படியே. பிறகு ஜூனில் மறுபடி ஆட்களைக் கொண்டுவந்து, ஒருவழியாக வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் மேற்கே வெகு தூரத்தில் போனது. அது கிளப்பிய அலை இந்தக் கப்பலைப் புரட்டி நேராக உட்கார வைத்துவிட்டது. ஆரம்பத்தில் எப்படி இறக்க நினைத்தார்களோ அதே நிலையில்! புயலுக்கு யாரும் பில் கட்டவில்லை.

தரை சுமார் 40 மீட்டர் ஆழம். மேல்கட்டுமானத்தின் உச்சி 18 மீட்டர் அளவில் தொடங்கிவிடும். மிதவையில் படகைக் கட்டிவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வளைகுடா நீரோட்டம் ரொம்பப் பக்கத்தில் ஓடுவதால் சில நாட்களில் இழுப்பு பயங்கரமாக இருக்கும். கயிற்றில் காயப்போட்ட வேட்டி மாதிரி கிடையாகப் பறந்துகொண்டே இறங்குவோம். கப்பலின் மறைவுக்குள் வந்ததும் இழுப்பு சட்டென்று நின்றுவிடும். மீன்களும் இதற்காகத்தான் அங்கே வருகின்றன என்பது அப்போது உடம்பிலேயே தெரியும். ஓட்டத்தில் இரை வரும், இரும்புச் சுவரின் பின்னால் நின்றால் சிரமமில்லாமல் சாப்பிடலாம்.

அப்படி ஒரு மறைவில், கிரேன் அடியில் நிதானப்படுத்திக்கொண்டு இருந்தபோதுதான் அந்த ஓசை. காதில் கேட்டதாகச் சொல்ல முடியாது, நெஞ்சில் விழுந்தது. "தும்." முதலில் ஏதோ இரும்புத் தகடு அடிபடுகிறது என்று நினைத்தேன். மறுபடி "தும்." என் கூட்டாளி என் தோளைத் தட்டி மேல்தளத்தின் விளிம்புக்குக் கீழே விளக்கைக் காட்டினார். கோலியாத் களவா. நாம் மீன் மார்க்கெட்டில் பார்க்கும் களவாவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டரை மீட்டர் வரை வளரக்கூடியது, 350 கிலோவைத் தாண்டும். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, தலையெல்லாம் கரும்புள்ளி, அந்தப் பெரிய முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் கண். காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையால் அந்த ஓசையை எழுப்புகிறது. "இது என் இடம்" என்று அர்த்தம்.

நாங்கள் நகரவில்லை. அதுவும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாயை மெல்லத் திறந்து மூடியது. கொட்டாவி இல்லை, எச்சரிக்கைதான். சரி என்று கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, அதன் கண்ணெதிரிலேயே மெல்லப் பின்னால் விலகினோம். அதன்பிறகு அது எங்களைச் சட்டையே செய்யவில்லை.

ஒரு காலத்தில் இதை ஈட்டியால் குத்திக் குத்தியே தீர்த்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து ஓடாத மீன், குறி தப்பவே தப்பாது. 1990-இல் பிடிக்கத் தடை வந்தது. அதற்கப்புறம்தான் எண்ணிக்கை ஏறியது. ஆனால் கப்பல் இருந்தால் மட்டும் இந்த மீன் வந்துவிடாது. குஞ்சுப் பருவத்தை அது ஐந்தாறு வருடம் அலையாத்திக் காட்டு வேர்களுக்கிடையில் கழிக்கிறது. கரையில் காடு இல்லையென்றால் கடலில் கப்பல் காலிதான்.

சந்தோஷமில்லாத சந்திப்பு ஒன்றும் உண்டு. சிங்கமீன், அதாவது லயன்ஃபிஷ். நம் இந்துமாக்கடல் பக்கத்து மீன், அட்லாண்டிக்கில் அதற்கு வேலையே இல்லை. தொட்டி வளர்ப்புக்காகக் கொண்டுவந்தது கடலில் கலந்து, இப்போது கப்பலின் மூலைமுடுக்கெல்லாம் செட்டைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளூர் மீன்களுக்கு அதை எதிரியாகவே அடையாளம் தெரியவில்லை. இங்கே டைவர்கள் அதைக் குத்திக் கொண்டுபோய் வறுத்துச் சாப்பிடுகிறார்கள். முள்ளில்தான் விஷம், சதையில் இல்லை. ருசி அபாரம்.

இன்னொன்று. கப்பலுக்குள் நுழையும் ஆசையை விடுங்கள். 2007-இல் இதே கப்பலுக்குள் போன மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. பயிற்சி, கயிறு, கூடுதல் காற்று எல்லாம் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. நம்மைப் போன்றவர்களுக்குப் பார்க்க வேண்டியதெல்லாம் வெளியிலேயே இருக்கிறது. உள்ளே துருவும் சேறும்தான்.


சிங்கப்பூரிலிருந்து

அண்ணா, உங்களுக்குக் களவா என்றால் எனக்குக் கிளாத்தி.

தாய்லாந்தில் கோ தாவ் தீவு. சென்னை, பெங்களூர், கோலாலம்பூர் எங்கிருந்தும் டைவிங் படிக்க வருகிறவர்கள் அங்கேதான் குவிகிறார்கள். சாய்ரீ கடற்கரைக்கு எதிரே சட்டகுட் என்ற தாய்லாந்துக் கடற்படைக் கப்பலை 2011 ஜூன் மாதம் இறக்கினார்கள். ஒரிஜினலாக அமெரிக்கக் கப்பல், இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் இருந்தது. ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், 30 மீட்டர் ஆழம். பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன, எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். நானும் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

அன்றைக்குத் தண்ணீர் கலங்கல். ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முதலில் சீலா மீன் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போனது, அப்புறம் ஓரா மீன்கள் கப்பலின் பக்கவாட்டில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தன. கீழே மணலில் கண் மட்டும் தெரியும்படி ஒரு திருக்கை புதைந்து கிடந்தது, நல்ல பெரிய சைஸ். அதை அதன் பாட்டில் விட்டுவிட்டோம்.

வம்பு வந்தது பக்கத்துப் பாறைத் தொகுதிக்கு நீந்திப் போகும்போது. டைட்டன் ட்ரிகர் என்கிற பெரிய கிளாத்தி மணலில் குழி பறித்து முட்டையிட்டிருந்தது. பல் எல்லாம் வெளியே தெரியும் மீன். முதுகுமுள் விறைத்தால் கோபம் என்று அர்த்தம். நேராக என் கால்துடுப்பை வந்து கடித்தது! துடுப்பில் பல் தடம் விழுந்துவிட்டது.

இப்படி ஆனால் எல்லோரும் பயத்தில் மேலே ஏறப் பார்ப்பார்கள். அதுதான் கூடாது. அது காவல் காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும், நீங்கள் மேலே ஏற ஏற அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். வேகமாக ஏறுவதால் நுரையீரலுக்கும் ஆபத்து. மல்லாந்து, துடுப்பை அதற்கு எதிரே நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளிப் போக வேண்டும். எங்கள் டைவ் மாஸ்டர் அக்கா சைகையிலேயே இதைச் செய்ய வைத்தார். படகில் ஏறியபின் சொன்னார், இந்தக் கிளாத்தியோடு ஒப்பிட்டால் சுறா சாதுவாம்.


மட்டக்களப்பிலிருந்து

நீங்கள் எல்லாம் வேண்டுமென்றே இறக்கிய கப்பலைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கட கடலில் கிடப்பதெல்லாம் அடிவாங்கி மூழ்கினவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு வெளியே தாக்கின. அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் போனது. ஹெர்மிஸ் ஐம்பது மீட்டருக்கும் கீழே, அது தேர்ந்தவர்களுக்கு மட்டும். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தவர்கள், ஆகவே அது ஒரு கல்லறையும்தான். சார்ஜன்ட் அவ்வளவு ஆழமில்லை. பாசிக்குடா, கல்குடாப் பக்கம் வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாக உடைந்து கிடக்கிறது. இரும்பு எது, முருகைக்கல் (பவளம்) எது என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல ஏலாது. செப்பிலி, பாரை எல்லாம் கூட்டமாக நிற்கும். நான் மறக்காதது ஒரு களவாவை, புளோரிடா அண்ணரின் சைஸ் இல்லை. கப்பலில் சிக்கி அறுந்த பழைய வலை ஒன்றுக்குள் அது நின்றது. மாட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்துக் கத்தியை எடுத்தேன். கிட்டப் போனதும் வலையின் மறுபக்க ஓட்டையால் ஆறுதலாக வெளியே வந்து, என்னைச் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது. வலை அதற்கு வீடு.

வழமையாக அந்த வலை உயிரைத்தான் எடுக்கும், அதையும் சொல்ல வேண்டும். எங்கட மீனவர்களுக்கு இந்தக் கப்பல்கள் கிடக்கும் இடம் நெடுநாளாகத் தெரியும். கப்பல் இருந்தால் மீன் இருக்கும், மீன் இருந்தால் வலை போகும், வலை கப்பலில் சிக்கும்.

வர விரும்புகிறவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வாருங்கள். வாடைக்காற்று தொடங்கினால் கடல் சேறு.


சென்னையிலிருந்து

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஓய்வு பெற்ற கப்பலை உடைக்கச் செலவாகும், கடலில் போட்டுவிட்டால் மிச்சம். அதற்கு "செயற்கைப் பார்" என்று ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டார்களோ? 2021-இல் இலங்கையில் பழைய பேருந்துகளை நெடுந்தீவுப் பக்கம் கடலில் இறக்கியபோது ராமேசுவரம் மீனவர்கள் கொதித்தது ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் என்னிடம் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது. கப்பல் பார்க்கலாமா?


புளோரிடாவிலிருந்து

சந்தேகம் நியாயமானது. எங்கள் ஊரிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1970-களில் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ஏறத்தாழ இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். ஆஸ்பார்ன் பார் என்று பெயர். மீன் பெருகும், குப்பையும் தீரும் என்று அப்போது எல்லோரும் கைதட்டினார்கள். கட்டு அவிழ்ந்து, புயலில் டயர்கள் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளப்பாரையே அடித்து நொறுக்கின. டயரின் மேல் பவளம் ஒழுங்காக வளரவும் இல்லை. அள்ளும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. ராணுவ டைவர்களே வந்து அள்ளினார்கள்.

பேருந்து விஷயத்தில் நான் மீனவர்கள் பக்கம். மெல்லிய தகடு உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும்? போர்க்கப்பலின் தகடு வேறு. இடம் மாறாத எடையும் தடிமனும் இருக்க வேண்டும், மணல் தரையில் இறக்க வேண்டும், பவளத்தின் மேல் அல்ல. இறக்கும் முன் எண்ணெய், மின்கம்பி, கல்நார், பெயின்ட் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் காசு கரைகிறது. 2006-இல் பென்சகோலா அருகே ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலை இறக்கினார்கள். அதன் மின்கம்பி உறைகளில் இருந்த பி.சி.பி. என்ற நச்சுப்பொருளைப் பற்றி அதற்கு முன் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆகவே "மிச்சம்" என்பது எப்போதும் உண்மையில்லை.

கப்பல் மீனைப் பெருக்குகிறதா, வேறெங்கோ இருந்த மீனை ஒரே இடத்தில் கூட்டிக் காட்டுகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் அபிப்பிராயம், மீன்பிடிக்கத் தடை உள்ள இடத்தில் இறக்கினால் பெருகும், இல்லாத இடத்தில் அது மீனுக்குப் பொறி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஓப்பன் வாட்டர் என்றால் 18 மீட்டர்தான் எல்லை. ஸ்பீகல் குரோவ் உங்களுக்கு ஆகாது, கப்பல் ஆரம்பிக்கும் இடத்திலேயே உங்கள் எல்லை முடிந்துவிடும். சட்டகுட்டும் அப்படித்தான். பாலியில் துலாம்பென் ஊருக்குப் போங்கள். லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு, இழுத்துவரப்பட்டு அந்தக் கரையில் ஏறிக் கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்த அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. அதன் மேல்பகுதி ஐந்து மீட்டரிலேயே தொடங்குகிறது. படகு தேவையில்லை, கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். சிலிண்டரை உள்ளூர்ப் பெண்கள் தலையில் தூக்கிவந்து தருவார்கள், நன்றாக டிப்ஸ் கொடுங்கள். கூழாங்கல் கரை, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் அவசியம்.

முந்தின இரவே துலாம்பெனில் தங்கிவிடுங்கள். விடியற்காலையில் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கப்பலருகே கூட்டமாக வருவதுண்டு. ஒன்பது மணிக்கு மேல் தெற்கிலிருந்து வேன்கள் வந்துவிட்டால் மீனைவிட ஆட்கள்தான் அதிகம்.