பூஞ்சைவழித் தடுப்பாற்றல் சிகிச்சை: ஒரு சொல் முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு,

பெருங்குடல் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்தபின் ஜப்பானில் கொடுத்துவந்த பி.எஸ்.கே. (பூஞ்சையிலிருந்து எடுக்கும் மருந்து) போன்றவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில், ‘பூஞ்சை நோயெதிர்ப்புச் சிகிச்சை’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே மூச்சில் படித்தால் பூஞ்சை நோய்க்கு எதிரான சிகிச்சை, அதாவது படர்தாமரைக்கான மருந்து என்றுதான் தோன்றும். பொருளே தலைகீழாகிறது. ‘நோயெதிர்ப்பு’ இருக்கும் இடத்தில் ‘தடுப்பாற்றல்’ வந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இதே உரையாடலில் ஐயா ஒருவர் சொன்ன ‘காளான் சிகிச்சை’ எளிமையானது, ஆனால் ஆபத்தானது. கடையில் வாங்கும் காளானைச் சமைத்துச் சாப்பிட்டால் போதும் என்று ஒரு நோயாளி நினைத்துவிடக் கூடாது. இந்த மருந்து டிராமீட்டஸ் வெர்சிகலர் என்ற, பட்ட மரத்தில் விசிறி விசிறியாக, வண்ணவரிகளோடு வளரும் பூஞ்சையிலிருந்து வருகிறது. அதிலும் நாம் பார்க்கும் அந்த விசிறியிலிருந்து அல்ல. தொழிற்சாலையில் வளர்த்த இழைத்திரளை (பூஞ்சையின் நூல்போன்ற பகுதியை) வெந்நீரில் இட்டுப் பிரித்தெடுக்கிறார்கள். கிடைப்பது புரதம் பிணைந்த பீட்டா குளுக்கான் என்னும் கூட்டுச்சர்க்கரை. அது புற்றணுவை நேரடியாகத் தாக்குவதைவிட, உடலின் தடுப்பு அணுக்களைத் தூண்டுவதையே முக்கிய வேலையாகக் கருதுகிறார்கள். ஆகவே ‘பூஞ்சை’யே பொருத்தம். அதோடு ‘வழி’ சேர்த்துவிட்டால், பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது என்பது ஐயமில்லாமல் விளங்கும்.

அடுத்து, இதைத் ‘துணைச் சிகிச்சை’ என்று அழைக்கலாமே என்று தோன்றலாம். அறுவைக்குப் பிறகு தரும் கீமோதெரபியையே மருத்துவர்கள் துணைச் சிகிச்சை என்கிறார்கள். பொதுமக்கள் காதிலோ அது ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விழுகிறது. பி.எஸ்.கே.யில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மூன்று ஆய்வுகளில் இருந்த 1,094 நோயாளிகளின் விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு பி.எஸ்.கே.யும் பெற்றவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 29 சதவீதம் குறைவு. கீமோவை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்தவர்களின் கணக்கு அல்ல இது. ஆய்வுகள் ஜப்பானில் மட்டுமே நடந்தவை, கீமோ மருந்துகளும் அந்தக் காலத்தவை. எனவே இன்றைக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது.

அதனால் ‘துணை’க்குப் பதில் ‘இணை’ வேண்டும் என்பேன். கீமோவோடு சேர்ந்தே தரப்படுவது அதில் தெரிகிறது. மாற்று மருத்துவம் என்ற நினைப்புக்கும் இடமில்லை.

என் முன்மொழிவு: பூஞ்சைவழித் தடுப்பாற்றல் இணைசிகிச்சை. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது ‘பூஞ்சைவழிச் சிகிச்சை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். நோயாளிக்கான கையேட்டில் மட்டும் சுருக்க வேண்டாம்.

லென்டினான் என்ற இன்னொரு மருந்து ஷீட்டாக்கே காளானிலிருந்து எடுப்பது, இரைப்பைப் புற்றுக்கு ஊசிவழியே தருவது. அதையும் இதே தலைப்பில் அடக்கலாமா? புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் நண்பர்கள் சொல்லுங்கள்.