குடகுக் காட்டில் புடைத்த குச்சி மரம்: உள்ளே மண்புழு எப்படி?

ஓடைக்கரை:
விராஜ்பேட்டையிலிருந்து மாக்குட்டம் இறங்கும் வழியில் ஓடையோரம், பெரிய மரங்களின் நிழலில், இரண்டாள் உயரச் சிறுமரம் ஒன்று பார்த்தேன். தளிர் வெளிறிய ரோஸ் நிறத்தில் துவண்டு தொங்குகிறது. சில குச்சிகள் கணுவுக்குக் கணு புடைத்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு துளை. கீழே முறிந்து கிடந்த குச்சியைப் பிளந்தால் குட்டிக் கறுப்பெறும்புகள், கூடவே நெளிகிற மண்புழு! என்ன மரம் இது? மண்புழு மரமேறுமா?

சோலையடி:
ஹம்போல்ட்டியா புருனோனிஸ். புளி, அசோகம் இவற்றின் உறவு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. குடகின் உப்பங்களா காட்டில் மரம் அளக்கும் வேலையில் இருந்தேன். மேலே வெள்ளைக்குங்கிலியம் நிற்கும், கீழே எங்கு திரும்பினாலும் இதுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் ஒரு காட்டுவகையின் பெயரிலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

மண்புழு வழி தவறி வந்ததல்ல. பெரியோனிக்ஸ் புல்லஸ் என்ற இனம், இந்தப் புடைப்புகளுக்குள் குடியிருப்பது. சிறு தேனீக்கள்கூட இதில் கூடு வைக்கும்.

வேலிக்காத்தான்:
தளிரில் தேன் சுரக்கும் என்கிறார்களே அண்ணா. எறும்பைக் காவலுக்கு வைக்கத்தானே? மண்புழுவால் மரத்துக்கு என்ன லாபம்?

சோலையடி:
காவல் எல்லா இடத்திலும் நடப்பதில்லை தம்பி. சில பகுதிகளில் டெக்னோமிர்மெக்ஸ் எறும்பு தளிரைக் காக்கிறது. கிரெமட்டோகாஸ்டர் வகை ஒன்றோ பூமொட்டையே அழித்துவிடும். தேனைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பவையும் உண்டு.

ஆனால் மரத்துக்கு வேறு வரவு இருக்கிறது. உள்ளே இருப்பவை விடும் கழிவிலிருந்து தழைச்சத்தை மரம் எடுத்துக்கொள்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனி போர்ஜஸ் குழுவினர் 2014இல் இதை எழுதினார்கள். எறும்பு மட்டுமல்ல, மண்புழுவும் இப்படி வாடகை கட்டுகிறது. வெளிச்சம் குறைந்த அடிக்காட்டில் வாழும் மரத்துக்கு இது சின்ன விஷயமா? எறும்பை மட்டும் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் ஓசிக் குடித்தனம் என்று தள்ளுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஓடைக்கரை:
நன்றி அண்ணா. பக்கத்திலேயே இன்னொன்று, அதே இலை, அதே தளிர், ஆனால் புடைப்பே இல்லை. அது வேறு இனமா?

சோலையடி:
அதே இனம்தான். எல்லா மரத்திலும் புடைப்பு வராது. புடைப்புள்ள மரங்கள் கூடுதலாகக் காய்க்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். காய் வெடித்து விதை பக்கத்திலேயே விழுவதால் கூட்டமாகத்தான் நிற்கும், ஒப்பிட்டுப் பார்க்க வசதி. டிசம்பருக்குப் பிறகு போனால் பூவும் கிடைக்கும், படம் போடுங்கள். பச்சைக் குச்சியை மட்டும் ஒடித்துவிடாதீர்கள்.