டிஸ்டார்ஷன் கிதார் பதிவுக்கு எந்த பூஸ்ட் பெடல் பொருந்தும்?

திருப்பாதிரிப்புலியூர் ரிதம்:
வணக்கம். வீட்டிலேயே பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிதார், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஹை-கெயின் (ஒலியை வெகுவாகப் பெருக்கி உடைக்கும்) ஆம்ப் சிமுலேட்டர், அதற்குப் பின் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் ஐ.ஆர். ஆகியவைதான் என்னிடம் உள்ளன. ட்யூனிங் டிராப் டி, அதாவது ஆறாவது கம்பியை மட்டும் டி-க்கு இறக்கியது. தனியாகக் கேட்கும்போது கனமாக இருக்கும் ரிதம் கிதார், டிரம்ஸும் பேஸும் சேர்ந்தவுடன் கலங்கிப்போகிறது. உள்ளங்கையால் கம்பிகளை அடக்கிப் பாம் மியூட் செய்யும் இடங்களில் ஒவ்வொரு அடியும் தனித்து விழாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. புதுச்சேரி நண்பரிடம் கிளீன் பூஸ்ட் (சிக்னலின் வலுவை உயர்த்தும் பெடல்) ஒன்றை இரவல் வாங்கி ஆம்புக்கு முன்னால் இணைத்துப் பார்த்ததில் இரைச்சல்தான் கூடியது, தெளிவு வரவில்லை. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் வாங்குவதா, பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 போதுமா, அல்லது இந்த வழியே தவறா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை ஆம்ப்:
வழி சரியானதுதான், இரவல் வாங்கிய பெடலின் வகைதான் உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை. கிளீன் பூஸ்ட் எல்லா அலைவரிசைகளையும் ஒரே அளவில் உயர்த்துவது. ஏற்கெனவே நிரம்பி உடைந்துகொண்டிருக்கும் ஹை-கெயின் ஆம்புக்குள் அதைச் செலுத்தினால் சத்தம் உயர்வதற்கு இடமில்லாததால் ஒலி மேலும் நசுங்குகிறது, ஹம்மும் இரைச்சலும் மேலெழுகின்றன. டிராப் டி-யில் உங்கள் ஆறாவது கம்பியின் அடிப்படை அலைவரிசை சுமார் 73 ஹெர்ட்ஸ். அந்தத் தாழ்ந்த பகுதி முழு வலுவோடு டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது மேலே உள்ள எல்லாவற்றையும் அது தன்னோடு இழுத்துக் குழப்புகிறது. கலக்கம் அங்கேதான் பிறக்கிறது. டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஈக்யூ (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) வைத்துப் பேஸைக் குறைத்தாலும், ஏற்கெனவே குழம்பிய ஒலியின் எடைதான் குறையுமே தவிரக் குழப்பம் பிரியாது.

ட்யூப் ஸ்க்ரீமர் சுற்றில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்குக் கீழே போகப்போக பெருக்கம் குறைகிறது. ஒலியின் முனைகளை வெட்டும் டயோடுகளைத் தாண்டியபின் வரும் இன்னொரு வடிகட்டி ஏறக்குறைய அதே இடத்திலிருந்து உயர்ந்த பகுதியைத் தணிக்கத் தொடங்குவதால்தான் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறது. பெடலின் டிரைவை (ஒலியை உடைக்கும் அளவை) முழுவதும் குறைத்துவிட்டால் அது கிளீன் பூஸ்ட் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அப்போதும் அந்த எல்லைக்கு மேல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு பெருக்கம் இருப்பதால், ஓங்கி அடிக்கும் அடிகளின் முனையை டயோடுகள் சற்று வெட்டவே செய்யும். நமக்கு அது நன்மைதான்.

ஆகவே டிரைவ் பூஜ்யம், லெவல் உச்சத்துக்கு அருகில், டோன் பாதியில் என வைத்துவிட்டு, ஆம்பின் கெயினைக் குறையுங்கள். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் பெடலைக் குறை கூறுபவர்களே அதிகம். எஸ்டி-1 இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் டயோடுகள் ஒருபுறம் இரண்டும் மறுபுறம் ஒன்றுமாகச் சமச்சீரற்று அமைந்திருந்தாலும், டிரைவ் பூஜ்யத்தில் முழுப் பாடலுக்குள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம் என்பதே என் கருத்து.

முதுநகர் ஆறுகம்பி:
மேலே சொல்லப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தம்பி நாளை டிராப் சி-க்கோ அதற்கும் கீழோ போனால், ட்யூப் ஸ்க்ரீமர் வெட்டுகிற வெட்டில் கிதாரின் உடலே காணாமல் போகும். வெட்டும் அளவைத் தானே முடிவு செய்ய விரும்புபவருக்கு பாஸ் ஜிஇ-7 போன்ற ஈக்யூ பெடல் ஏற்றது: 100 ஹெர்ட்ஸ் பட்டையை இறக்கி, 800-ஐச் சற்று ஏற்றி, லெவலை உயர்த்தினால் அதே வேலை நடக்கும், 200 ஹெர்ட்ஸை எவ்வளவு விட்டுவைப்பது என்பதும் நம் கையில் இருக்கும். இரைச்சல் சற்றுக் கூடலாம் என்பதால் ஆம்புக்கு முன்னால் வாசிக்காதபோது இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட் ஒன்று தேவைப்படும்.

பெடலுக்குச் செலவு செய்வதற்கு முன் கம்பிகளையும் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் அவை வெகு சீக்கிரம் துருவேறி மங்கிவிடுகின்றன. மங்கிய கம்பியில் அடியின் முனை எழாது, எந்தப் பூஸ்டும் அதை உண்டாக்கித் தராது. மேலும் ரிதத்தை இருமுறை தனித்தனியாக வாசித்து இடப்புறமும் வலப்புறமும் வைப்பவராக இருந்தால், ஒரே டிராக்குக்கு வைக்கும் கெயினைவிடக் குறைவாகவே வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் ரிதம்:
இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம்: பெடலை இன்டர்ஃபேஸுக்கு முன்னால் இணைத்தால் அதன் ஒலி பதிவிலேயே நிலைத்துவிடும் அல்லவா? பின்னர் மாற்ற விரும்பினால் என்ன செய்வது?

லாஸ்பேட்டை ஆம்ப்:
ஆம், நிலைத்துவிடும். லெவல் உச்சத்தில் இருக்கும் பெடல் இன்டர்ஃபேஸின் இன்புட்டையே உடைக்கவும் கூடும். மீட்டர் சிவப்பைத் தொடாதபடி இன்புட் கெயினைக் குறைத்தாக வேண்டும். உங்களிடம் ஆம்பே கணினிக்குள் இருப்பதால், கிதாரை நேரடியாக, எதுவும் சேர்க்காமல் பதிவு செய்துகொண்டு, சிமுலேட்டருக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமரைப் போலச் செய்யும் டிஎஸ்இ 808 போன்ற இலவச ப்ளகினை (துணை மென்பொருளை) வைத்துப் பாருங்கள். பூஸ்ட் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவையும் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். கிதாரைத் தனியாகக் கேட்டும் முடிவெடுக்காதீர்கள், ஏனெனில் பூஸ்ட் சேர்த்த கிதார் தனியாகக் கேட்கும்போது மெலிந்தே தோன்றும். டிரம்ஸும் பேஸும் ஓடும்போது கேளுங்கள். அதில் நிறைவு கிடைத்தால் உங்கள் பதிவுக்குப் பெடலே தேவையில்லை. மேடையில் உண்மையான ஆம்போடு வாசிக்கும் நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.