ஒலுவில் கிணறுகளில் உப்பு அளக்க: நன்கொடைக் காசை எதில் போடுவது?

இறுதிவருடக் குழு:
தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இறுதி வருட ஆய்வு. ஒலுவில், பாலமுனைக் கரையோரக் கிணறுகளின் உவர் மாரிக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று அளக்கப்போகிறோம். பழைய மாணவர்கள் காசு தர முன்வந்திருக்கிறார்கள். தண்ணியின் மின்கடத்துதிறனை (உப்புக் கூடினால் அதுவும் கூடும்) அளக்க விலை கூடின மீற்றர் வாங்குவதா, ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லை வைத்து நாங்களே செய்வதா? செய்து பார்த்ததில் ஒரே கிணற்றுத் தண்ணிக்குக் காலையில் ஓர் எண், மத்தியானம் வேறு எண்.

கல்முனை மின்னியல்:
தம்பி, வாளியில் அள்ளி வைத்துத்தானே அளக்கிறீர்கள்? தண்ணி சூடேறினால் மின்கடத்துதிறன் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2% கூடும். 27 பாகை 32 ஆனால் எண் பத்து வீதம் அதிலேயே கூடிவிடும். டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரியைத் தண்ணியில் விடும் மின்வாய்களோடு சேர்த்துக் கட்டுங்கள், 4.7 கிலோ ஓம் தடையோடு. வந்த எண்ணை 1 + 0.02 × (வெப்பநிலை − 25) ஆல் வகுங்கள். மின்வாய்களுக்கு நேரோட்டம் கொடுக்கவே வேண்டாம். முனைவாக்கம் (மின்வாயில் மின்னேற்றம் சேர்வது) வந்து எண் ஊர்ந்துகொண்டே போகும், ஆடலோட்டம்தான் வேணும். ஈஎஸ்பி32 தானே மின்னழுத்தத்தை வாசித்தால் மிகக் குறைந்த, மிகக் கூடின அளவுகளில் பிசகும், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு ஒன்று போட்டால் சரி.

நிந்தவூர் நீர்வளம்:
எந்த மீற்றர் என்றாலும் அளவுதிருத்தம் இல்லாவிட்டால் வீண். காயவைத்த பொற்றாசியம் குளோரைட்டு 0.746 கிராமை வடித்த நீரில் கரைத்து ஒரு லீற்றராக்குங்கள்: 25 பாகையில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துதிறன் அலகு) காட்ட வேண்டும். உவர் கூடின கிணறுகளுக்குப் பத்து மடங்கு செறிவில் இன்னொன்று, அது 12,880.

மேல்தண்ணியை மட்டும் அள்ளினால் ஏமாந்துபோவீர்கள். உப்புத்தண்ணி பாரம், அடியில் கிடக்கும். மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மணல்நிலத்தில் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மோட்டர் இறைத்து அரை அடி இறங்கினாலே அடியிலிருந்து உவர் எவ்வளவு ஏறப்பார்க்கும் என்று யோசியுங்கள். ஆகவே மோட்டர்க் கிணறா, வாளிக் கிணறா, கடைசியாக எப்போது இறைத்தது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

அக்கரைப்பற்று பழைய மாணவி:
காசைக் கையில் வாங்காதீர்கள். மேற்பார்வையாளர் ஊடாகப் பீடத்துக்கு எழுதி, நிதியாளர் கிளையில் பற்றுச்சீட்டோடு கட்டச் சொல்லுங்கள். வாங்கும் சாமான் ஆய்வுகூட இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த வருடப் பிள்ளைகளும் எடுப்பார்கள். ஒரு நல்ல கைமீற்றர், மிச்சத்தில் நீங்கள் செய்யும் கருவி நாலைந்து. கைமீற்றரோடு ஒப்பிட்டால் உங்கள் கருவி எங்கே பிசகுகிறது என்று தெரியும். மாற்று மின்வாய்க்கும் அளவுதிருத்தத்துக்கான நியமக் கரைசலுக்கும் காசை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மின்வாயில் பாசி பிடித்துப் பழுதாகும்போது கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.